பச்சைக் கீறல்

காடி தவமலர் பெயரில் இருந்தது.
அதனால் கையெழுத்தும் அவளுடையது,
போட்ட அரைநாள் லீவும் அவளுடையது.
நான் அடையாள அட்டையை நீட்டினேன்.
சார்ஜன் ரோஸ்லான் அதைத் தொடவில்லை.
புவான் என்று அவளைத்தான் கூப்பிட்டார்.

இழுத்துவந்த லோரிக்கு இருநூற்றெண்பது வெள்ளி.
தவமலர் எண்ணி வைத்தாள்.
சீட்டு எடுத்த காசு. நோட்டுகளின் இடுப்பில்
ரப்பர் வளையம் கிடந்த தழும்பு.

ஸ்டேஷனுக்குப் பின்னால், ஜெலுத்தோங் வெயிலில்
நாற்பது ஐம்பது வண்டிகள்.
ஒரு மோட்டாரின் சக்கரக் கம்பிகளுக்குள்
தொட்டாற்சுருங்கி ஏறிப் பூத்திருந்தது.
இன்னும் கேஸ் முடியலை என்றார் சார்ஜன்,
வீட்டு ஆட்டைக் காட்டுவதுபோல.

என்னுடையது மூன்றாம் வரிசையில்.
அவளுடையது.
கூரையெல்லாம் ஆறு நாள் மைனா எச்சம்.
கதவைத் திறந்ததும் புளித்த மீ கோரெங்,
பாதிப் பொட்டலம், கியர்வரை எறும்பு.
சீட் முன்னால் தள்ளிக் கிடந்தது.
என்னை இறக்கிவிட்டு யாரோ
குட்டையான போலீஸ்காரர் இங்கே உட்கார்ந்து
ஓரங்கட்டியிருக்கிறார்.
கண்ணாடியில் பின்னால் வரும் ரோடு இல்லை,
என் கழுத்து தெரிந்தது.

பிறகுதான் பார்த்தேன்.
முன்பக்கம், இடது முனையில் ஒரு பள்ளம்.
உள்ளங்கை வைத்தால் பொருந்தி உட்காரும்.
அதை எனக்குத் தெரியாது.

கிம் பெங் மகன் கல்யாண விருந்து தெரியும்.
மேசைக்கு மேசை யாம் செங் தெரியும்.
எட்டாவது கிளாஸ்வரை எண்ணியது தெரியும்,
எண்ண முடிகிறதே என்று வந்த பெருமையும்.
நான் நிதானமாத்தான் இருக்கேன் என்று
யாரும் கேட்காமலே சொன்னது தெரியும்.
அடுத்துத் தெரிவது டார்ச் வெளிச்சம்,
ஊது, இன்னும் ஊது என்ற குரல்.
நடுவில் பதினொரு நிமிடம்.

இது முன்னமே இருந்துச்சா?
தவமலர் குனிந்து பார்த்தாள். இல்லை.
சார்ஜன் கோப்பைப் புரட்டினார்.
ரிப்போர்ட் எதுவும் வரவில்லை என்றார் மலாயில்.
அதோடு நான் கிளம்பியிருக்கலாம்.

மண்டியிட்டேன்.
ரத்தம் என்றால் ஆறு நாளில் என்ன நிறமாகும்?
நூல் இல்லை, மயிர் இல்லை.
பள்ளத்தின் உதட்டில் பச்சையாய் ஒரு கீறல்.
சுரண்டினால் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.
குப்பைத் தொட்டி பச்சைதானே, என்றேன்.
தைப்பூசத்துக்குக்கூடக் கை கூப்பாதவன்
நகராண்மைக் கழகத்தின் குப்பைத் தொட்டியை
வேண்டிக்கொண்டேன்.

அவள் சீட்டை நகர்த்தவில்லை.
அந்தப் போலீஸ்காரரின் உயரம்
அவளுக்குச் சரியாக இருந்தது.
எறும்புகளோடு நான் இடப்பக்கம்.
மெதுவா போ.
போய்க்கிட்டுத்தான் இருக்கேன்.
அன்றைக்கு வந்த வழியே போகச் சொன்னேன்.
ஏன் என்று கேட்காமல் சிக்னல் போட்டாள்.

சந்துக்குச் சந்து தொட்டிகள்.
எல்லாம் பச்சை. எல்லாம் நசுங்கியவை.
ஒன்றுக்கு மூடி இல்லை.
ஒன்று சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது.
மீன் கடை ஓரம் ஒன்றில் வெள்ளை தீற்றியிருக்க,
நம்ம காடி வெள்ளை, நிறுத்து, நிறுத்து என்று
நிற்பதற்குள் இறங்கி ஓடினேன்.
முழங்கால் உயரத்தில் இருக்கவேண்டியது
என் மார்புக்கு வந்தது.
மீன்காரன் செதில் கத்தியோடு
என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து ஏறியபோது
பசியாறிட்டுப் போவமா என்றாள்.
வேணாம் என்றேன்.
வழக்கு அடுத்த மாதம் பதினேழு.

சிவப்பு விளக்கு.
குறுக்கே ஒரு பங்களாதேசித் தொழிலாளி
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.
வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து.

சைக்கிள் நீலம், என்றாள் தவமலர்,
நான் கேட்காமலே.