கரும்பு வெட்டும்போது

பதிவேட்டில் நான்காவது பத்தி, காரணம்.
அதில் நான் எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான்:
கரும்பு வெட்டும்போது.

பாலோ ஆறு பெருகினால்
எங்கள் மருந்தகத்துக்கு முழங்கால் தண்ணீரில்தான் வரவேண்டும்.
வந்தார்கள்.
சட்டையைச் சுற்றிய ஒரு கை,
தொப்பியை நனையாமல் தூக்கிப் பிடித்த இன்னொரு கை.
எப்படி என்று கேட்பேன்.
கரும்பு, நர்ஸம்மா.
ஆலை பூட்டிக் கிடந்த வேலைநிறுத்த வாரத்திலும்
கரும்புதான்.

காயத்துக்குப் பொய் வராது.
எர்மோகெனெஸ் லுக்குமியின் கூடத்தார் இடமிருந்து ஏறுவார்கள்,
அவர்கள் தொட்ட தோள் பிறையாகத் திறந்திருக்கும்.
அக்கரைக்காரர்கள் தரையளவு குனிந்து எழுவார்கள்,
தொடையில் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு.
மூன்றாவதாக ஒரு கூடம் இருந்தது.
அதன் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.
அவர்களுடைய வெட்டு தோலோடு நின்றுவிடும்.
ஓங்கி வந்த வேகமெல்லாம்
மயிரிழையில் மனம் மாறித் திரும்பிப் போயிருக்கும்.
அதற்கு நான் தையல் போட்டதில்லை,
டிங்சர் காயும்வரை
பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

துப்பாக்கி எட்டாத படைகளில்
இவர்களுடைய முப்பாட்டன்மார்
இந்த வெட்டுக்கத்தியோடுதான் நடந்தார்களாம்.
வென்றபின் தளபதிகளுக்குக் குதிரையோடு சிலை,
கத்திக்காரர்களுக்கு நிலம் தருவதாக ஒரு காகிதம்.
காகிதத்தை நம்பிக் கொக்கோ நட்டார்கள்.
கொக்கோவைக் கரும்பு தின்றது.
கூலிக்குக் கரும்பு வெட்ட
அதே கத்தியைக் கொண்டுவரச் சொன்னது ஆலை.
பகலில் அது கருவி.
இரவில், மூங்கில் தட்டிக்குப் பின்னால்,
ஒற்றை விளக்கில்,
அதற்குத் தன் பழைய பெயர் ஞாபகம் வரும்.

ஒருநாள் சார்ஜென்ட் வந்தார்.
கூடம் நடத்துகிறவர்களின் பட்டியல் வேண்டுமாம்.
என் பதிவேட்டை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.
"உங்கள் ஊர்க் கரும்பு திருப்பி வெட்டுமோ?"
வெட்டும் என்றேன்.
சிரிக்காமல் சொன்னேன்.

பிறகு தோட்டா வந்தது.
தோட்டாவில் படிக்க ஒன்றுமில்லை.
எந்தக் கூடம், எத்தனை வருடப் பழக்கம்,
இடக்கையா வலக்கையா,
கோபமா, இல்லை
மரியாதைக்குத் தொட்டதா,
எதுவும் தெரியாது.
ஒரு துளை.
எல்லாத் துளைக்கும் ஒரே கையெழுத்து.
பலருக்கு அது முதுகில் இருந்தது.
அப்போதுதான் உறைத்தது,
அதுவரை நான் தைத்ததெல்லாம்
விழுப்புண்.

பதினாறு வருடம் நான்காவது பத்தியில்
உண்மையை மட்டுமே எழுதினேன்.
தோட்டா.
தோட்டா.
மேற்படி.
மேற்படி.

போன வியாழக்கிழமை ஒரு பெண்,
சந்தைப் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவள்,
யாமிலெத் வியாஃபரா, வயது இருபத்தாறு.
இடது முன்கையில், மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே
ஒரு கோடு.
தோலோடு நின்ற கோடு.

பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்,
எழுத்து மறந்தவள் மாதிரி.
எப்படி?
"வாழைக்காய் நறுக்கும்போது" என்றாள்.
கத்துக்குட்டிப் பொய்.
வாழைக்காய் நறுக்குகிறவளுக்கு
வெட்டு விரலில் அல்லவா விழும்?
எதிரே நின்றது யார் என்று நான் கேட்கவில்லை.
நிறுத்தத் தெரிந்த கை ஒன்று
இந்த ஊரில் எங்கோ
இன்று மாலையும் ஓங்கும்.

கரும்பு வெட்டும்போது என்று எழுதினேன்.
அவள் எட்டிப் படித்தாள்.
ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டாள்.
தையல் தேவைப்படவில்லை.
டிங்சர் காயும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு கட்டணத்தைக்
காசு காசாக எண்ணி வைத்தாள்,
அந்தக் கையாலேயே.
ஒரு காசுகூடக் குறையவில்லை.