வீல் கப்

ஞாயிறு பத்து மணிக்கு என் கடை ஷட்டர் பாதிதான் ஏறும்.
குனிந்து வருவார்கள் நால்வரும்.
கையில் மஞ்சள் பை, பைக்குள் பிஸ்கட் டப்பா,
டப்பாவுக்குள் கார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ் என்று
வாரமெல்லாம் நகலெடுக்கும் எனக்கு
இன்று மட்டும்தான்
யாருக்கும் அவசரமில்லாத காகிதம் வருகிறது.

தேசப்பன் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர்,
பம்பரைப் பார்த்து வருஷம் சொல்வார்.
பம்பர் பொய் சொல்லும், கிரில்லைப் பாரு என்பார்
பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராக இருந்த டெரிக்.
குணபூஷணம் டீச்சருக்கு நம்பர் பிளேட் போதும்.
கௌஸ் பாஷா எதுவும் சொல்லமாட்டார்,
டீ வாங்கி வருவார்.

இவர்கள் யாரும் கார் வைத்திருந்ததில்லை.
படத்தில் இருப்பவர்களும்தான்.
கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த பிளிமத்,
ஓட்டுக் கேட்க வந்து பஞ்சராகி நின்ற ஹில்மேன்.
ஸ்டான்லி வாசலில் டாக்டர் வெளியே வருவதற்குள்
மட்கார்டில் கை வைத்துச் சிரிக்கும் யாரோ ஒரு அண்ணன்:
சட்டையை இன் பண்ணியிருக்கிறான்,
காலில் செருப்பில்லை.

அன்று டெரிக் உறையிலிருந்து உருவியது
குண்டு மூக்கு ஸ்டுடிபேக்கர்.
கல்மண்டபம் பக்கம் ஏதோ தெரு.
ஐம்பதா, ஐம்பத்தொன்றா?
அரை மணி நேரம் போனது அதற்கே.
"ஓரத்த வெட்டிடும்மா, வண்டி மட்டும் போதும்"
என்றார் தேசப்பன்.
ஓரத்தில் ஒரு குழாயடி, குடம் இல்லாத ஒரு பெண்,
ஓர் ஆட்டின் பின்பாதி.
நான் வெட்டுவதில்லை. வெட்டிவிட்டதாகச் சொல்லி
முழுசை வேறு பெயரில் சேமித்துவைப்பேன்.

சண்டை தீர வீல் கப்பைப் பெரிதாக்கச் சொன்னார்கள்.
பெரிதாக்கினேன்.
நிக்கல் பளபளப்புக்குள்
கட்டை விரல் உயரத்தில் ஒருவன்
கேமராவுக்கு மேல் தலை கவிழ்ந்து நிற்கிறான்.
அவனுக்குப் பின்னால்
படம் பிடிக்காமல் விட்ட எதிர்வரிசை மொத்தமும்
பந்துபோல் வளைந்து கிடக்கிறது.
ஓட்டு வீடுகள், ஒரு விளக்குக் கம்பம்,
கயிற்றில் யாருடைய போர்வையோ.

"நிறுத்து" என்றார் பாஷா.
ஏழு மாதத்தில் அவர் குரலை நான் அன்றுதான்
சரியாகக் கேட்டேன்.
திரையில் விரல் வைத்து எண்ணினார்,
டீ ஈரம் ஒட்டியது. ஒண்ணு, ரெண்டு.
"வரலியே. எங்க வூடு கம்பத்துக்கு இந்தாண்ட இருக்கணும்."
மறுபடி முதலிலிருந்து.
வரவில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது, கண்ணாடி அல்லவா அது.
ஒரு பட்டனை அமுக்கினேன்.
தெரு திரும்பிப் படுத்தது.
விரல் நடந்தது. மூன்றாவது ஓட்டில் நின்றது.

ஒரு சித்திரையில் தீப்பிடித்துப் போன வரிசையாம்.
டிரங்குப் பெட்டியோடு எரிந்தவற்றில்
நிக்கா படம் ஒன்றுதான் அவருக்கு நினைவிருக்கிறது.
வீட்டை யார் படம் எடுத்தார்கள்?
வீடுதான் எங்கும் போகாதே.

"இத்த நிமித்த முடியுமா?"
இழுத்துப் பார்த்தேன். ஓடுகள் கட்டம் கட்டமாய்ப் பெயர்ந்தன,
சுவர் நனைந்த அப்பளம்போல் பிய்ந்தது.
"வேணா, வேணா. வுடு.
கோணலாவே இருக்கட்டும்."

வாசலில் வெள்ளையாய் ஒரு கோடு.
"ஆளுதான்" என்றார் டெரிக்.
"துணி போட்டுத் தேச்ச கீறல்" என்றார் டீச்சர்.
இருவரும் தணிந்த குரலில்தான் சொன்னார்கள்.
பாஷா இரண்டுக்கும் தலையாட்டினார்.

வட்டத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன்,
ஒரு தட்டை அளவு இருக்கும்.
பத்து ரூபாயை மேசைமேல் வைத்தார், நான் தள்ளினேன்,
மறுபடி வைத்தார்.
பஸ் பாஸோடு சேர்த்துப் பைக்குள் செருகினார்,
முகம் உள்பக்கமாக.

டீ ஆறிப்போயிருந்தது.
ஷட்டருக்குக் கீழே யாரோ குனிந்து
ஜெராக்ஸ் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.
வெகுநேரம் கழித்துத் தேசப்பன்
தொண்டையைச் செருமினார்:

"ஐம்பத்தொண்ணுதான்."