தெர்மாகோல் பெட்டி

தலைஞாயிறிலிருந்து தஞ்சைக்கு
மடியில் பெட்டியோடு வருகிறேன்.
"இறாலா?" என்றார் கண்டக்டர்.
"மண்ணு சார். உப்பேறின மண்ணு."
"அதுக்கு எதுக்கு ஐஸு?"
உள்ளே இருப்பது உயிரோடு வேணும் என்றேன்.
பக்கத்து அக்கா
கீரைக் கூடையைத் தள்ளி வைத்தாள்.

கடல் ஏறி மூன்று வருடம்.
நெல் நின்றபடியே காயும் வயல் அது.
அங்கேயும் சாகாமல்
எதுவோ கிடக்கிறது.

"பயோடெக்கா? ஊசி போடலாமா?"
"முடியாது."
"பேங்க் பரீட்சை எழுதலாம்ல?"
"எழுதலாம்."
வண்டிக்கே ஒரு நிம்மதி.

நீடாமங்கலம் கேட்டில்
முன்சீட்டுக்காரர் சட்டையைத் தூக்கி
வயிற்றில் இன்சுலின் குத்திக்கொண்டு
பொட்டலம் பிரித்தார்.
அதைச் சமைத்தது ஒரு பாக்டீரியா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எலுமிச்சைச் சோறு, வடகம்.
சாப்பிடட்டும்.

இரவு கரண்ட் போய்
இன்குபேட்டர் நின்றது.
பாதகமில்லை,
தஞ்சாவூரே முப்பது டிகிரியில்தான் இருந்தது.

பன்னிரண்டு தட்டுகள்.
ஒன்பதில் பூஞ்சை, இரண்டில் வெறுமை.
கடைசித் தட்டில், ஏழு சதவீத உப்பில்,
பாதிக் கடுகளவு மஞ்சள்.

"மூடியைத் திறக்காதடி!"
ரஹ்மத்நிஷா கத்தினாள்.
மூச்சை அடக்கிக் குனிந்தேன்.
உப்பு தாங்குகிற கிருமி
மனிதத் தோலிலும் உண்டு.
இது வயலிலிருந்து வந்ததோ
என் விரலிலிருந்து உதிர்ந்ததோ,
நெல்லுக்கு ஆகுமோ ஆகாதோ.

நோட்டில் எழுதினேன்:
தட்டு பன்னிரண்டு. மஞ்சள். உயிரோடு.
பெயருக்கான கட்டத்தை விட்டுவிட்டு
கை கழுவப் போனேன்,
இரண்டு தடவை.