விட்டுப்போன ஒற்று

கச்சேரி மதிலுக்கு எதிரே
என் தட்டச்சுக் கடைக்கு
ஒரே ஓட்டோவில் வந்திறங்கினார்கள்
கோயில் பரிபாலன சபைச் செயலாளர் அருட்பிரகாசம்,
றிஸ்கான் மௌலவி,
பாஸ்டர் ஞானதீபன்.

ஒலிபெருக்கி நேரத்துக்காகப்
பொலிஸ் நிலையத்தில் மூன்று தடவை
முகம் பாராமல் குந்தியிருந்தவர்கள்.
மயானத்து எல்லைக் கல்லுக்காக
இன்னும் வழக்காடுகிறவர்கள்.
இன்று ஒரே வாங்கில், முழங்கால் முட்ட,
ஒரு போத்தல் நெக்டோவை
மூன்று கிளாஸில் பங்கிடுகிறார்கள்.

"தங்கச்சி, நாளைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேணும்.
வடிவா அடிச்சுத் தாங்கோ."

வரப்போகும் சட்டத்துக்கு ஆட்சேபம்.
ஆணோடு ஆண், பெண்ணோடு பெண்
வாழ்கிறார்கள் என்பதற்காக
வேலையால் நிறுத்தக் கூடாது,
வாடகை வீட்டால் எழுப்பக் கூடாது,
ஆஸ்பத்திரியில் கட்டில் மறுக்கக் கூடாது
என்கிறதாம் அது.
எங்கள் பள்ளிகளுக்கு, மடங்களுக்கு,
எங்கள் மனச்சாட்சிக்கு
விலக்கு வேண்டும் என்கிறார்கள் இவர்கள்.

மனச்சாட்சி
பதினொரு இடத்தில் வந்தது.
பக்கத்துக்கு இவ்வளவு என்று
காசு வாங்குகிறவளுக்கு
எண்ணுவது பழக்கம்.

நாலாம் பந்தியில்
"இயற்கைக்கு புறம்பான" என்றிருந்தது.
ஒற்று விட்டுப்போயிருந்தது.

விரல் நின்றது.
அப்படியே விடலாம்.
கொழும்பில் தமிழ் தெரிந்த எழுதுவினைஞர்
யாராவது சிரிக்கட்டும்.
ஆனால் பதினேழு வருஷத் தொழில்,
பிழையான கடதாசி ஒன்றும்
இந்தக் கடையால் வெளிக்கிட்டதில்லை.
ஒரு 'ப்' போட்டேன்.
கழன்றிருந்த ஆணியை
நானே அடித்து இறுக்கினது மாதிரி
நின்றது வசனம்.

வாசலில் ஒரு மான்.
காட்டை மறந்து
பஸ் நிலையத்தில் குட்டி போட்டு
லஞ்ச் சீற் தின்னும் இந்த ஊர் மான்.
கோணலாய் விழுந்த முதல் பிரதியைக்
கூடையிலிருந்து இழுத்துச்
சப்பத் தொடங்கியது.
"சூய்" என்று கலைத்த மௌலவி
பிறகு மனம் கேளாமல்
பைக்குள் தேடி
ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

இதுதான் எனக்குக் கஷ்டம்.
கெட்டவர்கள் என்றால் சுலபம்.
கடல் வந்த மார்கழியில்
அம்மாவின் உடலைத்
திருக்கடலூர் வாடிகளுக்கு அடியிலிருந்து
தோளில் தூக்கி வந்தவர் ஞானதீபன்.
அப்போது அவர் பாஸ்டர் இல்லை,
ஐஸ் கொம்பனி லொறிச் சாரதி.
யார் எவர் என்று கேட்காத தோள்.

அதே ஆள் பேனையை நீட்டுகிறார்.
"நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ."
"அடிச்சதே நான்தானே பாஸ்டர்.
அது காணாதே?"
சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.
விகாரை ஹாமதுருவுக்கென்று
ஒரு பிரதி கூடக் கேட்டார்கள்.
மிச்சக் காசு வேண்டாம் என்றார்கள்.

அந்தக் காசில் அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு
உப்புவெளி பஸ் ஏறினேன்.
வீட்டுக்காரம்மா கேட்டால்
மெற்றில்டா என் ஒன்றுவிட்ட அக்கா.
போன தவணை வரைக்கும்
அவரின் சபை நடத்தும் பாலர் பள்ளியில் ரீச்சர்.
நிறுத்திய கடிதத்தில்
நிர்வாகக் காரணம் என்று மட்டும் இருந்தது.
அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ.
பேனையை நீட்டிய கண்ணில்
இரண்டுக்கும் இடம் இருந்தது.

முள்ளெடுத்துக்கொண்டே கேட்டாள்:
"பிழையில்லாமல் எழுதியிருந்தவையோ?"
"ஒரு ஒற்று மட்டும்."
"போட்டனியா?"
"போட்டன்."

கன நேரம் பேசவில்லை.
பிறகு
இருந்ததில் பெரிய மீனை
என் கோப்பையில் வைத்தாள்.