அரைப்பேர்

ஓமானில் பதினோரு வருஷம்
எண்ணெய்க் கிணறுகளுக்குள் கம்பி இறக்கினேன்.
இப்போது மடுல்சீமையில்
நாலாம் நம்பர் மலைக்கும் லயத்துக்கும் நடுவே
தொண்ணூற்றாறு மீற்றர் துளைக்குள்
தண்ணீர் தேடி அதே கம்பி.

கருவி பொய் சொல்வதில்லை.
அதன் கை நீளம், அவ்வளவுதான்.
ஒன்றரை மீற்றரை ஒரே அள்ளாக அள்ளி
சராசரி சொல்லும்.
அங்கே இரண்டு களிப்படைக்கு நடுவில்
ஒரு சாண் மணல் எண்ணெய் குடித்துக் கிடக்கும்;
வரைகோடு 'களி' என்று சொல்லிக் கடந்துபோகும்.
தடித்த அயலார் இரண்டு பக்கமும் பேசும்போது
மெலிந்ததன் குரல் யாருக்குக் கேட்கும்?

இங்கே களி இல்லை, கருங்கல்.
துளையில் நின்றதும் நாங்கள் ஊற்றிய தண்ணீர்தான்.
மின்தடைக் கோடு
வேலிக்கட்டை மாதிரி நேராக நின்றது.
"தேறாது, மூடுவோம்"
என்றார் தென்னக்கோன், தேநீரை ஊதிக்கொண்டே.
மழைக்கு முன் லொறி இறங்க வேண்டும் அவருக்கு.

ஓர் இரவு துளையைச் சும்மா விடச் சொன்னேன்.
விடிந்ததும் வெப்பமானியை இறக்கினேன்,
நிமிஷத்துக்கு ஒன்றரை மீற்றர்.
விஞ்ச் பிடித்த சந்திரமோகன்
பீடி கேட்டான், நெருப்புக் கேட்டான்,
கடைசியில் பேசாமல் நின்றான்.
அறுபத்தொன்று தசம் நாலில்
கோடு ஒரு நூல் விலகியது.
ஒரு பாகையில் பத்தில் இரண்டு.
விட்டம் அளக்கும் கை அதே இடத்தில்
விரிந்து சுருங்கியது.
நெருக்கி வைத்த மின்முனையும்
அங்கேதான் முழங்கால் மடக்கியது.

மூன்று சாட்சி. இரண்டு விரல் தடிப்பு.
கல்லுக்குள் யாரோ
கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நீர்ப்படையின் தடிப்பு.
ஒரு மீற்றருக்குக் குறைந்தால் பூச்சியம் எனக் குறிக்கவும்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பவளக்கொடி
என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.
கூடைக்கயிறு நெற்றியில் பதித்த கோடு
இன்னும் ஆறவில்லை.
"இன்னைக்கு எனக்குப் பதினாறரை.
பதினெட்டு இல்லாட்டி அரைப்பேர்.
உங்க தண்ணிக்கு அரைகூட இல்லியா?"

பம்ப் பண்ணினோம்.
முதலில் சேறு. பிறகு துருநிறம்.
மூன்றரை மணிக்கு
நிறமே இல்லாதது வந்தது.
நிமிஷத்துக்கு நாலு லீற்றர்.
தென்னக்கோன் போனில் தட்டிப் பார்த்தார்:
அறுபத்திரண்டு வீடு. போதாது.
எனக்கும் தெரியும்.
பவளக்கொடி விரல் மடக்கினாள்:
"ராப்பகலா ஓடினா வீட்டுக்கு நாலரைக் குடம்."
அது போதும் என்றும் சொல்லவில்லை அவள்,
போதாது என்றும்.

கட்டத்துக்குள் பூச்சியம் போட்டேன்.
பேனாவை எடுக்கவில்லை.
பக்கத்தில் ஒரு புள்ளி,
இன்னொரு பூச்சியம்,
பிறகு நாலு.
கட்டம் சின்னது.
நாலு, கோட்டுக்கு வெளியே நின்றது.