ஈரத்தைத் துடைக்கவும்

எட்டாவது மாடி குவெக்
மூங்கில் கழியில் சொட்டச் சொட்டத் துணி போடுவார்.
ஏழாவது மாடியில் என் காய்ந்த துப்பட்டா
மறுபடி நனையும்.
பதினோரு வருடச் சண்டை.
"நெஞ்சுல ஈரம் இல்லாத மனுஷன்" என்று
தமிழில்தான் திட்டுவேன்.
அவர் ஹொக்கியனில் ஏதோ திருப்பிச் சொல்வார்.
இருவருக்கும் புரிந்துதான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யீஷூன் புளோக்கின் கீழே,
மின்தூக்கிக்குப் பக்கத்தில்
சந்தைப்பை கவிழ்ந்து கங்கோங் கீரை சிதறியிருக்க
குவெக் கிடந்தார்.
உதடு கத்திரிக்காய்த் தோல் நிறம்.
தோளைத் தட்டினேன்.
பெயர் சொல்லிக் கத்தினேன்,
சண்டையில் கத்துகிற அதே குரலில்.
திருப்பிக் கத்தவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

தொலைபேசியில் ஒரு பெண் நிதானமாக எண்ணினாள்.
மார்பு நடுவில் உள்ளங்கை, கை மேல் கை,
இன்னும் ஆழமாக, அம்மா, இன்னும் வேகமாக.
ஒரு விலா முறிந்தது,
முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.
"நிறுத்தாதீங்க" என்றாள்.

மூன்றாவது மாடி ரிட்சுவான்
சுவர்ப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.
தினமும் அந்தப் பெட்டியைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன்;
தீயணைப்பு சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.
சட்டையைக் கிழித்தான்.
பட்டை ஒட்டவில்லை. வேர்வை.
அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
நெஞ்சு ஈரமாக இருக்கிறதாம்,
துடைக்க வேண்டுமாம்.

துடைத்தேன்.
பதினோரு வருடம் இல்லவே இல்லை என்றிருந்த ஈரம்
என் துப்பட்டாவிலேயே வந்து ஒட்டியது.

யாரும் தொடாதீர்கள் என்றது கருவி.
ஒரு தூக்கல்.
பிறகு மறுபடியும் என் கைகள், எண்ணிக்கை,
தூரத்தில் ஆம்புலன்ஸ்.

மூன்று வாரம் மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.
துணி நன்றாகக் காய்ந்தது.
எனக்குத்தான் தூக்கமில்லை.
குவெக்கின் மகள் சொன்னாள்:
அடைப்பு ஒரே நாளில் வந்ததில்லையாம்,
சொட்டுச் சொட்டாக, வருடக்கணக்கில்.
என் அழுத்த மாத்திரை
பிப்ரவரியிலிருந்து சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று மறுபடி சொட்டியது.
துப்பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு
ஒரே ஒரு மாடி, படியேறிப் போனேன்.
கதவு திறந்தது. திட்ட வாயெடுத்தேன்.
மூச்சு வாங்கியது,
அவருக்கு இல்லை, எனக்கு.

குவெக் நாற்காலியைக் காட்டினார்.
மேசையில் இருந்த கருவியின் பட்டையை
என் கையில் சுற்றினார்.
அது இறுக்கிப் பிடித்தது, மெல்ல விட்டது.
எண்ணைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
எனக்கென்று கலக்கவிருந்த தே ஓவின் சீனியை
கரண்டியோடு
டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார்.