ஒன்றரை முதல் இரண்டு வரை

"உடைமைகளுக்கு நூலகம் பொறுப்பல்ல"
என்ற பலகைக்குக் கீழேதான்
எபனேசரின் போன் போனது.
சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.
அந்த அளவுக்கு அவசரம்,
அல்லது அந்த அளவுக்கு இரக்கம்.

அடுத்த வாரம் செண்பகவல்லியின் கால்குலேட்டர்.
அதற்கடுத்து ஷாஜிதாவின் பை;
உள்ளே ஹால் டிக்கெட், ஒரு குடை, நாலு வருஷத்து நோட்ஸ்.
பழைய பேப்பர் கடையில் கிலோ பதினாலு ரூபாய் என்றால்
நாலு வருஷம் எவ்வளவு தேறும் என்று
கணக்குப் போட்டோம்.
நாற்பதைத் தாண்டவில்லை.

மாடியில் ஒரு கேமரா உண்டு.
அது பொது அறிவு அலமாரியையே
வெறித்துக்கொண்டிருக்கும்,
எங்களைப் போலவே, ஆறு வருஷமாக.

அயனாவரம் டிப்போ எதிரே டீக்கடையில் கூட்டம் போட்டோம்.
சங்கிலிப் பூட்டு வாங்கலாம் என்றான் ஒருவன்.
பையில் பெரிதாகப் பெயர் எழுதலாம்,
நூலகத்துக்கு வருகிற திருடன்,
படிக்கத் தெரியாமலா இருப்பான்?
கடைசியில் செண்பகவல்லி
காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப்
பின்பக்கம் கோடு போட்டாள்:
அரை மணிக்கு ஒருவர்.
மற்றவர்கள் சாப்பிட, தொழ, போன் பேச,
மொட்டைமாடிப் படியில் அழப் போகலாம்.
ஒருவர் மட்டும் எழுந்திருக்கக் கூடாது.

எனக்கு ஒன்றரை முதல் இரண்டு.

பிறர் பொருளைக் காப்பது
பருவக்காற்றுகளை மனப்பாடம் செய்வதைவிடக் கஷ்டம்.
வாய் பிளந்த பைகளுக்குள் எல்லாம் தெரியும்:
ரப்பர் பேண்ட் போட்ட டிபன்,
பாதி தீர்ந்த மாத்திரை அட்டை,
நீலத்தில் ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ்.
யாருக்குக் குழந்தை? எவரும் சொன்னதில்லை.
பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று ஐம்பதுக்கு
சாப்பாடு டெலிவரி செய்கிற ஆரஞ்சுச் சட்டையில் ஒருவன்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தான்.
மூலை மேசையில் கிடந்த கறுப்புப் பையை எடுத்தான்.

"யாரோடது அது?"
என் குரல் எனக்கே புதிது.
பதினாறு தலைகள் நிமிர்ந்தன.
"என்னோடது."
"உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க."

சட்டையைப் பார்த்துத்தான் கேட்டேன்.
இந்த வரியை வேறு விதமாக
எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை.

அவன் சொன்னான், எல்லோர் காதிலும் விழ:
"அரசியலமைப்பு புக்கு, பழைய பதிப்பு, அட்டை கெடயாது.
ஒரு சட்டை. இது இல்ல, வேற.
லெமன் சாதம் டப்பா, நேத்தோடது, கழுவல.
நகைக்கடன் ரசீது.
போதுமா மேடம்?"

போதும் என்று தலையாட்டக்கூட எனக்குத் தைரியம் இல்லை.
ஜிப்பை மெதுவாக மூடினான்,
உள்ளே யாரோ தூங்குவது போல.

கால்குலேட்டர் திரும்பவில்லை. போனும்.
ஷாஜிதா நெட் சென்டரில்
இன்னொரு ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டாள்;
நோட்ஸ் எடுத்துத் தர எந்த சென்டரும் இல்லை.
காவல் போட்ட பிறகு எதுவும் களவு போகவில்லை என்கிறார்கள்.
அதாவது,
பட்டியல் போட முடிகிற எதுவும்.

வியாழக்கிழமை மழை.
அவன் வந்து என் எதிரே உட்கார்ந்தான்.
வேறு இடம் காலியில்லை.
பெயர் இன்னும் தெரியாது.
போன் அதிர்ந்தது. ஆர்டர்.
என்னைப் பார்க்காமலே
பையை என் பக்கம் ஒரு சாண் நகர்த்தினான்.
"பத்து நிமிஷம். பாத்துக்கங்க."

என் முறை இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது.
மூன்றே காலுக்கு நூலகர் வந்து
"இன்னும் சாப்பிடலையாம்மா?" என்றார்.
ஓட்டேரிப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்று
யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.
பையின் ஜிப் ஓர் அங்குலம் திறந்திருந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
ஒரு கையை மட்டும்
அதன் மேல் வைத்தபடி.